கொன்லா படிக்காமல் விட்ட வரிகள்

இங்கிலீஷ் ராணியின் ஆளுநர் எழுதிய கடிதம் ஏப்ரல் மாதத்து ஒரு காலையில் டூன்கர் கோட்டைக்கு வந்தது. கொண்டுவந்த வீரன் குதிரையை விட்டு இறங்கவே இல்லை. வாசல் காவலன் கையில் அதைத் திணித்துவிட்டு, ஒரு குவளை மோர்கூடக் கேட்காமல் வந்த வழியே திரும்பிவிட்டான்.

மேல்மாடிக் கூடத்தில் அப்போது நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். டோரின் குலத்தின் தலைவன் மல்மோரா, கணப்புக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். கடிதம் முதலில் பாதிரியார் கைக்குத்தான் போனது. ஆளுநர் எப்போதும் லத்தீனில் எழுதுவார், பாதிரியார் படித்துச் சொல்வார். இந்த முறை அவர் முத்திரையை உடைத்து, தாளை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது லத்தீன் இல்ல மல்மோரா. இங்கிலீஷ். எழுத்தர் எழுதினதும் இல்ல, கோழி கிண்டின மாதிரி இருக்கு. அந்த ஆளே உக்காந்து எழுதியிருக்கார் போல."

எல்லோரும் கொன்லாவைப் பார்த்தார்கள்.

அந்தக் கோட்டையில் இங்கிலீஷ் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். மல்மோராவுக்கு அவன் பால்சகோதரன். அப்போதைய குலத்தலைவரின் மகனான மல்மோராவை ஏழு வயதுவரை வளர்த்தது கொன்லாவின் அம்மா. ஒரே மார்பில் பால் குடித்து, ஒரே போர்வைக்குள் தூங்கி வளர்ந்தவர்கள் இருவரும். பன்னிரண்டு வயதில், டோரின் குலம் அடங்கி நடக்கும் என்பதற்குப் பிணையாக ஒருவனை டப்ளின் கோட்டைக்கு அனுப்பவேண்டி வந்தபோது, மல்மோராவுக்குப் பதிலாகக் கொன்லா போனான். ஆறு வருடம் அங்கே கிடந்தான். திரும்பி வரும்போது இங்கிலீஷும் கூடவே விடாத இருமலும் கொண்டுவந்தான். இப்போது அதே டப்ளின் கோட்டையில் மல்மோராவின் தம்பி ரூரி பிணையாக இருக்கிறான். இருபது வயது. நன்றாகப் பாடுவான்.

கொன்லா கடிதத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனான். முதலில் மனதுக்குள் ஒரு முறை படித்தான். பிறகு சத்தமாக, தங்கள் மொழியில் சொல்ல ஆரம்பித்தான்.

"கோடாலிப் படையைக் கூட்டி வெச்சிருக்கிறதா கேள்விப்பட்டேன். வரி வாங்க வந்த ராணியோட ஷெரிஃபை வாசல்லயே நிக்க வெச்சுத் திருப்பி அனுப்பினதும் தெரியும். இதுக்குப் பேர் ராஜத்துரோகம். படையைக் கலைக்கலன்னா நெருப்போட வருவேன். ஒரு கதிர், ஒரு கன்னுக்குட்டி மிஞ்சாது."

கூடத்தில் உறுமல் எழுந்தது. கூலிக்குச் சண்டை போட வந்த கோடாலிப் படையின் தலைவன் சோர்லி, தாடியில் ஒட்டியிருந்த வெண்ணெயைப் புறங்கையால் துடைத்தான். "நெருப்போட வர்றாராமா? வரட்டும். இந்த ஊர் மழையில அவர் துப்பாக்கியே பத்த மாட்டேங்குது, ஊரையா பத்த வைக்கப் போறாரு?"

சிரிப்பு சுற்றி வந்தது. மல்மோரா சிரிக்கவில்லை.

"அவ்வளவுதானா?" என்றான் கொன்லாவிடம்.

அவ்வளவு இல்லை. கீழே இன்னும் ஆறு வரிகள் இருந்தன. ஷெரிஃப் ஹாக்ஸ்பி தவறான ஆள் என்று எனக்குத் தெரியும். மே முதல் தேதிக்குள் பத்துப் பேரோடு என்னிடம் வா. யார் முன்னாலும் உன்னை மண்டியிட வைக்க மாட்டேன். ஹாக்ஸ்பியைத் திரும்ப அழைத்துக்கொள்கிறேன், உன் தம்பியை உன்னோடு அனுப்புகிறேன். இதை யாருக்கும் சொல்லாதே. என் சபைக்குத் தெரிந்தால் என்னால் செய்ய முடியாது.

நாற்பது பேருக்கு முன்னால் இதை எப்படிப் படிப்பது? யாருக்கும் சொல்லாதே என்று எழுதியிருப்பதை உரக்கச் சொல்ல முடியுமா? அப்புறம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கொன்லா நினைத்தான். அப்படித்தான் நினைத்தான் என்று பிற்பாடு எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"அவ்வளவுதான் தலைவரே," என்றான். ஆட்கள் நடுவில் அவனும் தலைவரே என்றுதான் கூப்பிடுவான்.

வீட்டுக்குப் போனபோது அவன் மனைவி லசரினா வாசலில் ஓட்ஸ் புடைத்துக்கொண்டிருந்தாள். அந்த பிப்ரவரியில்தான் ஹாக்ஸ்பியின் ஆட்கள் அவளுடைய தம்பி கஹரை ஆற்றுத்துறையில் தூக்கில் போட்டிருந்தார்கள். அபராதம் என்று சொல்லி அவர்கள் ஓட்டிப் போன தன் சொந்த மாடுகளையே கஹர் திருப்பி ஓட்டி வந்தான். அதைத் திருட்டு என்றார்கள். அன்றிலிருந்து லசரினா தலைமுடியைப் பின்னவில்லை.

"என்ன எழுதியிருக்கான்?" என்றாள்.

கொன்லா அவளிடம் மட்டும் முழுவதையும் சொன்னான். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஹாக்ஸ்பியைத் திரும்பக் கூப்பிட்டுக்குவாங்களாம். கூப்பிட்டு? வேற ஊருக்கு அனுப்புவாங்க. அங்க வேற யாரோட தம்பியையாவது தொங்க விடுவான். கஹர் கணக்கு என்ன ஆச்சு?"

"ரூரி அங்க இருக்கான் லசரினா."

"ரூரி திரும்பி வருவான்னு நீ நம்புறியா? ஆறு வருஷம் அந்த ஊர்ல இருந்தவன் நீ. அவங்க சொன்ன சொல்லு ஒண்ணாவது நின்னு பாத்திருக்கியா?"

அவன் பார்த்ததில்லை. டப்ளினில் அவனோடு இருந்த மூன்று பையன்களில் இருவரை, நாளை அனுப்புகிறோம், நாளை அனுப்புகிறோம் என்று சொல்லியே காய்ச்சலில் சாகவிட்டார்கள். ஆளுநர் பொய் சொல்கிறார், பத்துப் பேரோடு வரவழைத்துப் பிடித்துக்கொள்வார் என்று கொன்லா முடிவுக்கு வந்தான். அந்த முடிவுக்கு வருவது சுலபமாக இருந்தது. இருந்தாலும் மூன்றாம் நாள் சொல்லிவிடுவோம் என்று கோட்டைக்குப் போனான். மல்மோரா குதிரை லாடங்களைப் பார்த்துக்கொண்டு கொல்லர்களோடு நின்றான். சுற்றிலும் ஆட்கள். ஆறாம் நாள் போனபோது மல்மோரா கேட்டான்:

"என்னடா முகம் ஒரு மாதிரியா இருக்கு? பயமா?"

"இருமல்," என்றான் கொன்லா.

ஒன்பதாம் நாள் சோர்லியின் ஆட்கள் ஹாக்ஸ்பியின் வீட்டை வளைத்தார்கள். ஷெரிஃபும் அவனுடைய பதினெட்டுப் பேரும் அங்கேயே முடிந்தார்கள். லசரினா ஆற்றுத்துறைக்குப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டு முடியைப் பின்னிக்கொண்டு வந்தாள். அதன்பிறகு சொல்வதற்கு எதுவும் இல்லை என்று கொன்லா அந்தத் தாளைக் கணப்பில் போட்டான்.

ஜூன் மாதம் ஆளுநரின் படை முந்நூறு பேரோடு வந்தது. ஓவன்மோர் ஆற்றுத்துறையில் மல்மோரா அவர்களுக்காகக் காத்திருந்தான். இடுப்பளவு தண்ணீரில், பாரமான கவசத்தோடு, வழுக்கும் கற்களின் மேல் அவர்கள் நடு ஆற்றுக்கு வந்தபோது இரண்டு கரையிலிருந்தும் ஈட்டி பாய்ந்தது. கோடாலிக்காரர்கள் தண்ணீருக்குள்ளேயே இறங்கினார்கள். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. தப்பியவர்கள் முரசைக்கூட விட்டுவிட்டு ஓடினார்கள். அன்று மாலை மல்மோரா, நனைந்த துணியோடு கொன்லாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"பாத்தியாடா? நம்ம அப்பா காலத்துல யாராவது இப்படி அடிச்சிருக்காங்களா?"

அந்த ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்துக் குலங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு கிறிஸ்தவத் துறவி, இங்கிலீஷ்காரர்களின் எதிரியான ஸ்பெயின் தேசத்துக் கப்பல்கள் உதவிக்கு அறுவடைக்குள் மேற்குக் கரைக்கு வந்துவிடும் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனார். கொன்லாவுக்கு மனம் லேசாகியது. நாம் செய்தது சரிதான் போல என்று நினைக்கத் தொடங்கினான்.

ஜூலை கடைசியில் டப்ளினிலிருந்து வந்த ஒரு வெண்ணெய் வியாபாரி செய்தி கொண்டுவந்தான். ஆற்றுத்துறைச் சண்டை நடந்த எட்டாம் நாள் ரூரியைக் கோட்டை வாசலில் தூக்கில் போட்டார்கள். பாடிக்கொண்டே போனான் என்று சிலரும், இல்லை, அழுதான் என்று சிலரும் சொன்னார்களாம்.

மறுநாள் மல்மோரா கொன்லாவைக் கூப்பிட்டு, ஆற்றங்கரையில் பக்கத்தில் உட்காரச் சொன்னான்.

"அவனைத் தூக்குல போட்டது நான்தான்," என்றான்.

"அப்படிச் சொல்லாத."

"வேற எப்படிச் சொல்றது? படையை எடுத்தா அவன் கழுத்துதான் போகும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எடுத்தேன். ஒரு விஷயம்தாண்டா என்னைத் தாங்குது. வேற வழி இல்ல. அவங்க ஒரு கதவாவது திறந்து வெச்சிருந்தா, கையைக் காலைப் பிடிச்சாவது அவனைக் கொண்டுவந்திருப்பேன். திறக்கல. நெருப்போட வருவேன்னு மட்டும்தானே எழுதினான்?"

மல்மோரா தண்ணீரையே பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தான்.

"ஆமா," என்றான் கொன்லா.

ஏப்ரலில் சொல்லாமல் விட்டதை ஒருவேளை மன்னிக்கலாம். அந்த ஆற்றங்கரையில் சொன்ன ஆமாவைத்தான் அவனால் கடைசிவரை தாங்கிக்கொள்ள முடியவில்லை.

ஸ்பெயின் கப்பல்கள் வரவில்லை. ஆகஸ்டில் இங்கிலீஷ்காரர்கள் மறுபடி வந்தார்கள். இந்த முறை ஆற்றுத்துறைப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. கிழக்கே மலையைச் சுற்றிக்கொண்டு வந்து, யாரோடும் சண்டை போடாமல், விளைந்து நின்ற ஓட்ஸுக்கு வயல் வயலாகத் தீ வைத்தார்கள். மழை பெய்த நாட்களில் அரிவாளால் அறுத்துச் சேற்றில் மிதித்தார்கள். மாடுகளை ஓட்டிப் போனார்கள். ஓட்ட முடியாதவற்றைக் கால் நரம்பை வெட்டிப் போட்டார்கள். டூன்கர் கோட்டைச் சுவரை அக்டோபரில் பீரங்கி உடைத்தது. மல்மோராவும் மிஞ்சியவர்களும் காட்டுக்குள் போனார்கள்.

டிசம்பரில் சோர்லி வந்து தலைவன் முன்னால் நின்றான்.

"என் ஆளுங்களுக்குச் சண்டைன்னா தெரியும். பட்டினி கிடக்கத் தெரியாது. தப்பா நினைச்சுக்காதீங்க."

"எங்க போவ?"

"வடக்க. அங்கயும் ஏதாவது ஒரு தலைவர் யார்மேலயாவது கோபமா இருப்பாரு." அவன் சிரிக்க முயன்றான். பிறகு தன் போர்வையைக் கழற்றி மல்மோராவின் மனைவி மேல் போர்த்திவிட்டுப் போனான். இரண்டு நாள் கழித்து, கணவாயில் பனியில் அவர்கள் மாட்டிக்கொண்டதாகக் கேள்விப்பட்டார்கள்.

மலையடிவாரத்துக் குடிசைகளில் மக்கள் காட்டுக் கீரையையும் குதிரைத் தோலையும் வேகவைத்துத் தின்றார்கள். லசரினாவின் அக்கா வீட்டில் ஐந்து பேர் இருந்தார்கள், ஜனவரி முடிவதற்குள் ஒருவரும் மிஞ்சவில்லை. அவர்களைப் புதைத்துவிட்டு வந்த அன்று லசரினா கணவனிடம் சொன்னாள்:

"மல்மோராகிட்ட சொல்லு."

"இப்பச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆகாது. ஆனா நேத்து அவர் எல்லார் முன்னாலயும், வேற வழி இருந்திருந்தா உங்களை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்திருக்க மாட்டேன்னு சொன்னாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். இனிமே என்னால முடியாது. அன்னைக்கு நான் பழி கேட்டேன். இவ்வளவு பெருசா கேக்கல."

பிப்ரவரியில் ஒரு மதியம், இலையில்லாத ஓக் மரங்களுக்கு நடுவில் கிளைகளால் வேய்ந்த குடிலில், மல்மோரா செத்த குதிரையின் தொடையிலிருந்து இறைச்சியைச் சீவிக்கொண்டிருந்தான். தலைவன் என்றாலும் அந்த வேலையை அவனே செய்வான். எல்லோருக்கும் ஒரே அளவு போகவேண்டும் என்பதற்காக. கொன்லா உள்ளே போய் எதிரில் உட்கார்ந்தான். சுற்றி வளைக்காமல் ஆறு வரிகளையும் சொன்னான். பத்து மாதத்தில் ஒரு சொல்கூட மறக்கவில்லை.

மல்மோரா கத்தியை நிறுத்தவில்லை. ஒரு துண்டு, இன்னொரு துண்டு. பிறகு கேட்டான்:

"பத்துப் பேரோடயா?"

"பத்துப் பேரோட."

"ரூரியை என்கூடயே அனுப்புறதா எழுதியிருந்தது?"

"ஆமா."

"ஏன் சொல்லல?"

கொன்லா பல காரணங்களை வைத்திருந்தான். யாருக்கும் சொல்லாதே என்று எழுதியிருந்ததை, ஆளுநர் பொய் சொல்வார் என்று நினைத்ததை, கஹரை, கூடத்தில் ஆட்கள் சிரித்த சிரிப்பை. ஒவ்வொன்றாகச் சொல்லலாம் என்று வந்தவன், "எனக்குச் சண்டை வேணும்னு இருந்தது," என்றான்.

மல்மோரா கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தான். பேசியபோது அவன் குரல் உயரவே இல்லை.

"நீ படிச்சிருந்தாலும் நான் போயிருப்பேனா? தெரியல. ஒருவேளை அவனை நம்பியிருக்க மாட்டேன். ஒருவேளை இந்தப் பசங்க என்னைக் கோழைன்னு நினைப்பாங்கன்னு போகாம இருந்திருப்பேன். அப்படிப் போகாம இருந்திருந்தா, இதெல்லாம் நான் பண்ண தப்புன்னு தெரிஞ்சிருக்கும். அதைச் சுமந்திருப்பேன். இப்ப நான் எப்பேர்ப்பட்ட ஆள்னு எனக்கே தெரியாது. அதைத்தான் எடுத்துக்கிட்ட நீ."

"என்னை என்ன வேணாலும் பண்ணு மல்மோரா."

மல்மோரா ஒரு துண்டு இறைச்சியை இலையில் வைத்து அவன் பக்கம் தள்ளினான். மற்றவர்களுக்கு வைத்த அதே அளவு.

"எடுத்துக்கிட்டுப் போங்க," என்றான். "உங்க வீட்டுக்காரங்க காத்துட்டிருப்பாங்க."

கொன்லா இலையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். நாற்பது வருடத்தில் மல்மோரா அவனை நீங்க என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை. அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

மார்ச்சில் சரணடைய முடிவு செய்தார்கள். மொழிபெயர்க்க வேறு ஆள் இல்லாததால் கொன்லாவும் போகவேண்டியிருந்தது. ஆளுநரின் மாளிகைக் கூடத்தில், கம்பளம் விரித்த மேடைக்கு முன்னால் மல்மோரா மண்டியிட்டான். எல்லார் முன்னாலும்தான். இடுப்பில் வாள் இல்லை, காலில் செருப்பு இல்லை. மேடையில் இருந்தவர் மெலிந்த, வழுக்கைத் தலை மனிதர். அவர் சொன்னதை எல்லாம் கொன்லா ஒன்று விடாமல் சொன்னான். நன்றிகெட்டவன் என்றதை, நாய் என்றதை, நிலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்றதை. ஒரு சொல்லையும் மென்மையாக்கவில்லை. கூடவே வந்த பாதிரியார் அவன் கையை ரகசியமாகப் பிடித்து அழுத்தினார், கொஞ்சம் குறைத்துச் சொல் என்பதுபோல. அவன் கையை விடுவித்துக்கொண்டான்.

எல்லாம் முடிந்து எழுந்து நின்றபோது மல்மோரா சொன்னான்:

"அவர்கிட்ட ஒண்ணு கேளுங்க. போன வருஷம் ஏப்ரல்ல எனக்கு ஒரு கடிதம் வந்தது. மே மாசத்துக்குள்ள வந்தா தம்பியை அனுப்புறேன்னு. அது நிஜமா?"

கொன்லா கேட்டான். மேடையில் இருந்தவர் பக்கத்து எழுத்தரிடம் ஏதோ விசாரித்தார். எழுத்தர் உதட்டைப் பிதுக்கினார்.

"அதை எழுதினவர் இவர் இல்ல," என்று கொன்லா மொழிபெயர்த்தான். "பழைய ஆளுநர் செப்டம்பர்ல வயித்துக்கடுப்புல செத்துப்போயிட்டாராம். இவர் நவம்பர்ல வந்தவர். அந்தக் கடிதத்துக்கு நகல் எதுவும் இங்க இல்லையாம். அப்படி ஒண்ணு எழுதியிருக்கவே முடியாதுன்னு எழுத்தர் சொல்றாரு. எழுதியிருந்தா தனக்குத் தெரிஞ்சிருக்குமாம்."

மல்மோரா தலையசைத்தான். கொன்லாவின் முகத்தை ஒரு கணம் பார்த்தான். இதையாவது சரியாகச் சொல்கிறானா என்று பார்த்தது போலிருந்தது. பிறகு வெறுங்காலோடு வாசலை நோக்கி நடந்தான்.

அவர்களுக்குக் கிடைத்தது மலைச்சரிவில் கொஞ்சம் மேய்ச்சல் நிலமும், கூரை போட்ட இரண்டு வீடுகளும். மல்மோரா அங்கே மூன்று வருடம் இருந்தான். கொன்லா மலைக்கு மறுபக்கம் குடியிருந்தான். கூப்பிட்டு அனுப்பினால் போவான். உட்காரச் சொல்வார்கள், மோர் கொடுப்பார்கள். மல்மோரா அவனிடம் மாடுகளைப் பற்றியும் மழையைப் பற்றியும் மரியாதையாகப் பேசுவான். லசரினாவின் உடம்பு எப்படியிருக்கிறது என்று விசாரிப்பான். எழுந்து வரும்போது வாசல்வரை வந்து, பார்த்துப் போங்க என்பான். திரும்பி வரும் வழியில் கொன்லா எங்காவது கல்லில் உட்கார்ந்து, இருமல் அடங்கும்வரை இருந்துவிட்டு வருவான்.

மூன்றாம் வருடம் நவம்பரில் மல்மோரா நெஞ்சுச் சளியில் இறந்தான். கடைசி நாட்களில் கொன்லாவைக் கூப்பிடவில்லை. செய்தி கேட்டு அவன் போனபோது, மழையில் ஐம்பது பேர்போல வாசலில் நின்றார்கள். அவன் பின்னால், மாட்டுக்கொட்டகை ஓரமாக நின்றுகொண்டான். மல்மோராவின் மனைவி வெளியே வந்து அவனைத் தேடிப்பிடித்தாள்.

"சவப்பெட்டிக்குத் தலைமாட்டுப் பக்கம் வலது தோள் நீங்கதான் குடுக்கணுமாம். சொல்லிட்டுப் போயிருக்காரு."

"அவரா சொன்னாரு?"

"பால்சகோதரன் இருக்கும்போது வேற யாரு தூக்குவாங்கன்னு கேட்டாரு. நான் வேற ஒண்ணும் கேக்கல."

கொன்லா முன்னால் போனான். தேவாலயம் மலைக்கு அந்தப்பக்கம், இரண்டு மைல். வழியெல்லாம் சேறு. பாதித் தூரத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. இடது தோள் கொடுத்திருந்த ஆள் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, மாத்திக்கிறீங்களா? பின்னால ஆளுங்க இருக்காங்க."

"வேணாம்," என்றான் கொன்லா. "நட."